மரியாதைக்கு ஒரு எழுத்து

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும். ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, வேத்துப் போயி வந்திருக்கீங்க. விழுப்புரத்துலேருந்தா வாரீங்க? சாரப் பாக்கதுக்குன்னே அம்புட்டுத் தூரத்துலேருந்தா?

சார் உள்ளதான் இருக்காக. ஆனா அவுக ஆரையும் பாக்கதில்ல. பாக்கதில்லன்னா, கண்ணும் தெரியாது பாத்துக்கிடுங்க. ஏன் இப்படி முழிக்கீங்க? நீங்கல்லாம் போன்ல கல்வெட்டுப் பத்தி எழுதிக்கிடுதீங்கள்லா, அந்தக் குழுவுல ஒருத்தருக்கும் தெரியாது. கண்ணுல பிரஷர் ஏறி, மொதல்ல ஒண்ணு போச்சு, அப்புறம் அடுத்ததும் போயிட்டு. ‘வெளிய ஒரு பயலுக்கும் தெரியக் கூடாது’ன்னு சத்தியம் வாங்கிட்டாக என்ட்ட. கல்வெட்டுப் படிக்க ஆளுக்குக் கண்ணு தெரியலன்னா எவன் மதிப்பான்னு.

அப்போ குழுவுல சார் பேர்ல வரதெல்லாம் ஆரு எழுதுனதுன்னுதான கேக்கீங்க? காப்பியக் குடிங்க. சொல்லுதேன்.

நீங்க மொத மொதல்ல குழுவுல ஒரு சந்தேகம் கேட்டு எழுதுனீங்கள்லா, பி.எச்டி. சேந்த புதுசுல? ‘அன்பு மகளுக்கு, தங்கள் ஐயம் நல்ல ஐயம். இப்படிக் கேட்கத் தெரிந்தவரே ஆய்வில் நிலைப்பார்’னு சார் பேர்ல பதில் வந்துச்சுல்லா? அதப் படிச்சு அழுதேன்னு திருப்பி எழுதியிருந்தீங்க. அது நான் எழுதுனது. அவுக சொன்னது என்னன்னு கேக்கீங்களா? ‘இந்தக் கழுதைக்கு எவன் சீட்டு குடுத்தான்’னு. அத அப்படியே எழுத முடியுமா? சொல்லுங்க.

வருத்தப்படாதீங்க. அவுக எல்லாத்தையும் அப்படித்தான் பேசுவாக. பேராசிரியர் உமையொருபாகம்னா திருநெல்வேலியில காலேஜே நடுங்கும். என்னைய இந்த வீட்டுல ‘மூதி’ன்னுதான் கூப்பிடுவாக. பிரமநாயகின்னு எனக்கு ஒரு பேரு இருக்கது போஸ்ட்மேனுக்குத்தான் தெரியும். நான் அதத் தப்பாச் சொல்லல. அது அவுக சுபாவம். நானும் தமிழ் பி.ஏ. படிச்சவதான். எம்.ஏ. சேரட்டுமான்னு கேட்டப்போ, ‘வீட்டுக்கு ஒரு தமிழ் போதும்’னு சொல்லிட்டாக. சரின்னு விட்டுட்டேன். மரியாதைன்னா விட்டுக் குடுக்கதுதான?

குழுவுல அவுகளே எழுதிக்கிட்டு இருந்த காலத்துல பாத்திருக்கணும் நீங்க. ஒருத்தரப் பாத்து, ‘நீர் கல்லைப் படிக்க வேண்டாம், கல் உடைக்கப் போம்’னு எழுதிட்டாக. குழுவ நடத்துதவரு எச்சரிக்கை குடுத்தாரு. அதுக்கு அவருக்கே ஒரு திட்டு. ஒரு மாசம் குழுவ விட்டு நிப்பாட்டி வச்சுட்டாக. அந்த ஒரு மாசம் இந்த வீட்டுல சோறு எறங்கல. அவுகளுக்கு வேற என்ன இருக்கு? ரிடையர் ஆன பொறவு தேடி வர ஆளு கிடையாது. அவுகட்ட படிச்ச பிள்ளைங்க ஒண்ணு கூட இந்தப் படி ஏறாது. குழுதான் கதி. அடுத்த தடவ நிப்பாட்டுனா நெரந்தரமா நிப்பாட்டிருவோம்னு சொல்லித்தான் திருப்பிச் சேத்தாக. அதுக்குள்ள கண்ணும் சுத்தமாப் போயிட்டு. இனிமே அவுக சொல்லணும், நான் அந்தப் பலகை மாதிரி இருக்குல்லா, டேப்லெட்டு, அதுல தட்டணும்.

மொத நாளு அவுக ‘மடையன்’னு சொன்னாக. நான் ‘மாற்றுக் கருத்துடைய நண்பர்’னு தட்டுனேன். கை தானாப் போயிட்டு. ‘எழுதிட்டியா?’ன்னாக. ‘எழுதிட்டேன்’னேன். ‘வாசி’ன்னாக. அவுக சொன்னத அப்படியே வாசிச்சேன், மடையன் உள்பட. நல்லாச் சிரிச்சாக.

அவ்வளவுதான். அதுல என்ன தப்பு இருக்கு? நிப்பாட்டிருவாகளேங்கிற பயத்துல செஞ்சது.

பதிலு வருமே, அத வாசிச்சுக் காட்டணும்லா? அங்கதான் கொஞ்சம் சாமர்த்தியம் வேணும். இவுக, தான் திட்டுனது அப்படியே போய்ச் சேந்துட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. அங்கேருந்து வரதோ ‘ஐயாவின் கனிந்த சொற்களுக்கு நன்றி’. அத வாசிச்சா மாட்டிக்கிடுவேன்லா? அதனால அந்தப் பக்கத்து ஆளு பயந்து போயிட்டாருங்கிற மாதிரி நானா ரெண்டு வரி சேத்து வாசிப்பேன். அவுகளுக்குச் சந்தோசம். அந்தப் பக்கமும் சந்தோசம். நடுவுல ஒருத்தி இருந்து ரெண்டு பக்கத்தையும் பாத்துக்கிட்டேன். குடும்பம் நடத்துதவளுக்கு இதெல்லாம் புதுசா?

அப்புறம் குழுவுல அவுக பேரு எப்படி ஏறுச்சுன்னு உங்களுக்கே தெரியும். ‘பேராசிரியர் கனிந்துவிட்டார்’, ‘இப்படியொரு பண்பாளர்’, ‘ஐயாவின் தமிழே தனி’ன்னு. நான் அதையெல்லாம் சும்மா படிச்சுக்கிட்டு இருப்பேன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சா கூடத் தெரியாது. இந்த வீட்டுல நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒருத்தர் நன்றின்னு சொன்னது அதான் மொதத் தடவ. அவுகளுக்குத்தான் சொன்னாக, எனக்குத் தெரியாதா? இருந்தாலும்.

சரி, நீங்க கேக்க வந்தது அந்தக் கல்லப் பத்தித்தான?

ஆலடிப்பொத்தைக் கல்லு. மலையடிவாரத்துல ஒரு குளத்தாங்கரையில நிக்கது. எப்பவோ சண்டையில செத்துப் போன ஒருத்தனுக்கு நட்ட கல்லு. அத ஊரறியச் சொன்னது இவுகதான். அதுல கடைசி வரிய இவுக ‘மகள் நட்ட கல்’லுன்னு படிச்சாக. அப்பனுக்கு மகன் கல்லு நடுததுதான் வழக்கமாம், மகள் நட்டதா எங்கயும் கெடையாதாம். இவுக பேரு வெளிய தெரிஞ்சது அந்த ஒரு எழுத்தாலதான். ‘மகள்’ல வர ‘ள்’. அந்த எழுத்துக்கு ஓரம் உதுந்து போயிருக்கு. அதனால அது ‘ள்’ளா ‘ன்’னா, மகளா மகனான்னு அப்பயே சில பேரு கேட்டாக. இவுக ஒருத்தரையும் விடல. புத்தகம் போட்டாக. அத யாராச்சும் தொட்டா கடிச்சுக் கொதறிருவாக.

எங்களுக்கு ஒரு பிள்ள இருந்தா. சாலா. விசாலாட்சி. மஞ்சக் காமாலையில போயிட்டா, ஏழு வயசுல. அத இப்ப எதுக்குச் சொல்லுதேன்னா, அவ போன அன்னைக்கு அவுக அழல. ஒரு பொட்டுத் தண்ணி வரல கண்ணுல. வந்தவுகளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டு நின்னாக. காரியம் முடிஞ்ச கையோட மலை மலையாச் சுத்தப் போயிட்டாக, வீடே தங்கல. நான் இந்த வீட்டுல தனியாக் கெடந்தேன். அந்தப் பிள்ளையோட பாவாடையெல்லாம் கொடியிலயே தொங்குது, எடுக்க எனக்குக் கை வரல. அப்படி இருக்கையில ஒரு நாளு வாராக. அந்தக் கல்லுல மை ஒத்தி எடுத்த தாள இந்தா, இந்த எடத்துல, நீங்க உக்காந்திருக்கீங்கள்லா, இங்க விரிச்சுப் போட்டுட்டு அதும் மேல குப்புற விழுந்து அழுதாக. ‘மகள் நட்ட கல்லு, மூதி, மகள் நட்ட கல்லு’ன்னு. தாளு நனைஞ்சு மை கரைஞ்சு போற அளவுக்கு அழுதாக. நான் அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பெத்த பிள்ளைக்கு அழாத மனுசன், எந்தக் காலத்துலயோ எவனுக்கோ பொறந்த எவளுக்கோ அழுதாக.

நான் தாள எடுத்துக் காயப் போட்டேன்.

அவுக கொண்டாந்த தாளையெல்லாம் காயப் போட்டு மடிச்சு வச்சது நான்தான். பாத்துப் பாத்து அந்தப் பழைய எழுத்தெல்லாம் எனக்கும் பழகிட்டு. அவுகளுக்கு அது தெரியாது. கேட்டதில்ல.

இப்ப சென்னியப்பன் கதைக்கு வாரேன். உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமே. ஈரோட்டுப் பக்கம், ரோடு போடுத எஞ்சினியரா இருந்தவரு. ரிடையர் ஆன பொறவு கல்லு கல்லாப் போயிப் போட்டோ எடுத்துக் குழுவுல போடுவாரு. நல்ல மனுசன். எழுத ஆரம்பிச்சாலே ‘பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களின் திருவடிகளுக்கு’ன்னுதான். அத வாசிச்சாலே இவுகளுக்கு மூஞ்சி செவந்துரும். ‘திருவடியாம்! நக்கல் பண்ணுதான் பாரு என்னைய’ன்னுவாக. அந்த ஊருப் பேச்சே அப்படித்தான், எல்லாத்துக்கும் ஒரு ‘ங்க’ போடுவாக, அதுல நக்கல் ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிப் பாத்தேன். ‘ஒனக்கு என்னளா தெரியும்’னாக.

அவரு ஆலடிப்பொத்தைக்குப் போயிப் புதுசா ஒரு போட்டோ எடுத்துப் போட்டாரு. மத்தியான வெயில்ல எடுத்தது. ‘ஐயா மன்னிக்க வேண்டும். சிறியேன் கண்ணுக்கு இது மகன் என்று படுகிறது. தாங்கள் தெளிவுபடுத்த வேண்டும்’னு எழுதியிருந்தாரு.

வாசிச்சுக் காட்டுனேன். அன்னைக்கு அவுக திட்டல. அதான் எனக்கே ஆச்சரியம். ‘எழுது’ன்னாக. எழுத்து எழுத்தாச் சொன்னாக. அந்த வளைவு எங்கேருந்து கெளம்புது, எங்க மடங்குது, கல்லு எந்தப் பக்கமா உதுந்திருக்கு, காலையில எப்படித் தெரியும், சாயங்காலம் எப்படித் தெரியும், எல்லாம். கடைசியில, ‘தம்பி, இந்த ஒண்ணை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதேயும்’னாக. அவுக வாயிலேருந்து ‘தம்பி’ன்னு ஒரு சொல்லு வந்து நான் கேட்டதில்ல.

நான் யோசிச்சேன். இம்புட்டுப் பெரிய பேராசிரியரு, ரோடு போட்டவருட்ட போயிக் கெஞ்சுதது நல்லாவா இருக்கும்? குழுவுல நூத்துக்கணக்கான பேரு பாக்காகளே? அதுவும் போக, மறுத்து எழுதுனா வாக்குவாதம் வரும். வாக்குவாதம் வந்தா இவுக பழையபடி ஆரம்பிச்சுருவாக. அதனால நான் மரியாதையா எழுதுனேன். ‘அன்பு நண்பருக்கு, தாங்கள் சுட்டியது சிந்திக்கத்தக்கது. என் வாசிப்பு பிழையாகவும் இருக்கக்கூடும். மகன் என்றே கொள்வதில் எனக்குத் தடையில்லை. உண்மைக்கு முன் என் பெயர் எம்மாத்திரம்?’

கடைசி வரி நல்லா வந்திருக்கு, இல்ல? எனக்கே ரொம்பப் பிடிச்சுது.

அன்னைக்குக் குழுவே ஆடிப் போச்சு. ‘இதுவல்லவோ அறிஞர்க்கு அழகு’ன்னு ஆளாளுக்கு எழுதுதாக. சென்னியப்பன் ‘கண்ணீருடன் எழுதுகிறேன், ஐயா ஒப்புக்கொண்டதை என் நூலில் சேர்த்துக்கொள்ளலாமா?’ன்னு கேட்டாரு. கேட்டவருக்கு முடியாதுன்னா சொல்ல முடியும்? ‘தங்கள் விருப்பம்போல்’னு போட்டேன்.

இவுக உள்ளேருந்து, ‘என்ன சொல்லுதான்?’னாக. ‘ஒத்துக்கிட்டாரு, நீங்க சொன்னதுதான் சரியாம்’னு வாசிச்சேன். எந்திரிச்சு நின்னுட்டாக. ‘மகள்தானே? மகள்னு ஒத்துக்கிட்டானா?’ன்னு சொவரப் பிடிச்சுக்கிட்டே அடுப்படி வரைக்கும் வந்தாக. அன்னைக்கு ஆசையாத் தோசை கேட்டுச் சாப்பிட்டாக. அதுக்குப் பொறவு கொஞ்ச நாளு அவுகளப் பாக்கவே நல்லா இருந்துச்சு. சவரம் பண்ணிக்கிட்டாக. தானாவே பாடிக்கிட்டு இருப்பாக. அந்தச் சந்தோசத்த ஆரு குடுத்தா? நாந்தான?

நீங்க காப்பியக் குடிக்கவே இல்லையே.

அப்புறந்தான் அழைப்பு வந்துச்சு. சென்னியப்பன் நூல் வெளியீடும் பேராசிரியருக்குப் பாராட்டும். இவுகளுக்காகவே திருநெல்வேலியிலயே மண்டபம் பிடிச்சிருந்தாரு. ‘உங்களுக்குப் பாராட்டுக் கூட்டமாம்’னு சொன்னேன். பொய்யில்லையே, அழைப்புல அப்படித்தான் இருந்துச்சு. பட்டுச் சட்டை எடுத்து வைக்கச் சொன்னாக. கார் அனுப்புனாரு. நான் கையப் பிடிச்சு மேடையில ஏத்தி உக்கார வச்சேன். வயசான மனுசன், பொண்டாட்டி கையப் பிடிச்சு வாராருன்னுதான் எல்லாரும் நெனச்சாக.

அவுகளுக்குப் பின்னால சொவரு முழுக்க பேனர். ‘மகன் நட்ட கல்’. அதான் புத்தகத்துப் பேரு. அதுக்கு நேர கீழ, மாலையப் போட்டுக்கிட்டு, சிரிச்ச மொகமா உக்காந்திருந்தாக. எனக்கு மொத வரிசையில எடம். சொல்லியிருக்கலாம்தான். அம்புட்டுக் கூட்டத்துல எந்திரிச்சுப் போயிக் காதுல சொன்னா நல்லாவா இருக்கும்?

சென்னியப்பன் மைக்குல பேசுனாரு. பெரிய மனசு, பெரிய மனசுன்னு சொல்லிட்டு, போன எடுத்து அந்தப் பதில வாசிச்சாரு. நான் எழுதுனத. சனங்க கை தட்டுதாக. இவுக மொகத்துல சிரிப்பு அப்படியே இருக்கு, ஆனா கண்ணு மட்டும் எங்கயோ தேடுது.

‘இன்னொருக்க வாசியும்’னாக.

அவரு உருகிப் போயி நிறுத்தி நிதானமா வாசிச்சாரு. ‘மகன் என்றே கொள்வதில் எனக்குத் தடையில்லை.’

மைக்க இவுக கையில குடுத்தாக. கத்தப் போறாக, மானத்த வாங்கப் போறாகன்னு நெனச்சேன். ஆனா, ‘அது நான் எழுதினதுதான்’னு மட்டும் சொன்னாக. மைக்கக் கீழ வச்சுட்டாக.

பாத்தீங்களா? அவுகளே ஒத்துக்கிட்டாக. நான் சொல்லச் சொன்னேனா? கண்ணு தெரியாதது வெளிய வந்துரும்னு பயந்துட்டாகன்னு நெனைக்கேன். சென்னியப்பன் நெடுஞ்சாண்கிடையா காலுல விழுந்தாரு. ஆசீர்வாதம் பண்ண இவுக கைய நீட்டுனாக, அவரு தலை எங்க இருக்குன்னு தெரியாம கை காத்துலயே தடவிக்கிட்டு நிக்குது. ஐயா உணர்ச்சிவசப்பட்டுட்டாகன்னு மறுபடியும் கை தட்டுனாக.

வீட்டுக்கு வந்து பொன்னாடைய மடிச்சுக்கிட்டு இருந்தேன். ‘எத்தனை நாளா?’ன்னாக.

‘மொதல்லேருந்தே’ன்னேன்.

‘எல்லாமா?’

‘எல்லாம் மரியாதையாத்தான் எழுதியிருக்கேன். ஒரு சொல்லு தப்பா வராது’ன்னேன்.

திட்டுவாகன்னு எதிர்பாத்தேன். திட்டவே இல்ல. அடுத்த நாளும் திட்டல. அதுக்கு அடுத்த வாரம், ‘என்னைய அந்தக் கல்லுகிட்டக் கூட்டிட்டுப் போ’ன்னாக.

டாக்சி பிடிச்சுப் போனோம். போயிச் சேரச் சாயங்காலம் ஆயிட்டு. ஊருக்காரங்க அதச் சாமியா நெனச்சு எண்ணெயும் மஞ்சளும் பூசி வச்சிருந்தாக. முந்தானையால நல்லாத் தொடச்சு விட்டேன். அவுக மண்ணுலயே உக்காந்து ஒவ்வொரு எழுத்தா வெரல வச்சுத் தடவுதாக. கடைசி எழுத்துக்கு வந்து நின்னுட்டாக. தடவுதாக, தடவுதாக. சக்கரை வியாதி பாருங்க, வெரல் நுனியெல்லாம் மரத்துப் போயிக் கெடக்கு.

‘தெரியல’ன்னாக. அப்புறம், ‘நீ பாத்துச் சொல்லு. ஒனக்கு எழுத்துத் தெரியும்னு இப்ப எனக்குத் தெரியும். கண்ணால பாத்தது எதுவோ அதச் சொல்லு. மரியாதை வேண்டாம்’னாக.

நான் குனிஞ்சு பாத்தேன். மேற்கேருந்து வெயிலு சரிஞ்சு விழுது. சென்னியப்பன் மத்தியானத்துல போட்டோ எடுத்துட்டாரு, அதான் அவருக்குத் தெரியல. சாஞ்ச வெயில்ல அந்த மடிப்பு நல்லாத் தெரியுது. உதுந்த ஓரத்துக்குள்ள போயித் திரும்பி வருது. ‘ள்’ளுதான். எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

ஆனா நீங்களே சொல்லுங்க. புத்தகம் வந்தாச்சு. அதுல மொதப் பக்கத்துல இவுகளுக்கு நன்றி போட்டிருக்கு. ஊரறிய மைக்குல ஒத்துக்கிட்டாச்சு. இனிமே போயி மாத்திச் சொன்னா அந்த மனுசன் மொகத்துல எப்படி முழிக்கது? நம்மளப் பத்தி என்ன நெனைப்பாக?

அதோட, நான் அவுக மொகத்தப் பாத்தேன். வாயத் தெறந்துக்கிட்டு, நான் என்ன சொல்லப் போறேன்னு அப்படியே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்காக. இப்படி ஒரு மொகம் இருக்கா இவுகளுக்குன்னு இருந்துச்சு. எம்பிள்ள சாலா போன அன்னைக்கு இந்த மொகம் எங்க போச்சு?

‘மகன்னுதான் இருக்கு’ன்னேன்.

‘நல்லாப் பாத்தியா?’ன்னாக.

‘நல்லாப் பாத்துட்டேன்’னேன்.

கல்லு மேலேருந்து கைய எடுத்துட்டாக. எந்திரிக்க முடியல. டிரைவரும் நானுமாத் தூக்கி நிறுத்துனோம்.

அன்னையிலேருந்து பேச்சு இல்ல. டாக்டர் பாத்துட்டு, ஒரு கோளாறும் இல்ல, அவரா பேசணும்னாரு. சோறு ஊட்டுனா வாயத் தெறப்பாக. குளிப்பாட்டுனா குளிப்பாக. ஒரு தொந்தரவு கிடையாது. குழுவுலயும் ஒரு சண்டை சச்சரவு கிடையாது, பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?

என்னம்மா எந்திரிச்சுட்டீங்க? ஊருக்கு பஸ்ஸு ராத்திரிதான? இருந்து சாப்பிட்டுப் போங்க.

சென்னியப்பனுக்கு எழுதப் போறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. குழுவுலயே போடுங்க, எல்லாரும் பாக்கட்டும். ஆனா மரியாதையா எழுதுங்கம்மா. சார் பேர்ல உடனே பதில் வரும்.